மருமகள் மாமியார் ஆன கதை

வீடியோ கேம் என்றாலே "அது பசங்க சமாச்சாரம்" என்று அடுத்த பதிவுக்குத் தாவுகிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்கள். இது விளையாடுவது பற்றிய பதிவு இல்லை. எனக்கு இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது, அதனால் நான் அந்தப் பக்கம் போவதும் இல்லை :-) இது சம்பளம், பேர், கையெழுத்து சம்பந்தப்பட்ட சரித்திரம். ஊரை விட்டு வந்து பொட்டி தட்டிப் பிழைக்கிற நம் எல்லோருக்கும் கொஞ்சம் தொடர்புடையது.

கதாநாயகன் (அல்லது வில்லன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்) ஆக்டிவிஷன் என்கிற அமெரிக்கக் கம்பெனி. 1980-ல் இவர்கள் மேல் ஒரு வழக்கு. 2010-ல் இவர்கள் மேல் இன்னொரு வழக்கு. முதல் வழக்கில் இவர்கள் சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போன மருமகள். இரண்டாவதில் இவர்களே மாமியார். நடுவில் சரியாக முப்பது வருஷம்.

நாலு பேரும் ஒரு காகிதமும்

1977-ல் அடாரி கம்பெனி, டிவியில் மாட்டி விளையாடும் வி.சி.எஸ். என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பிற்பாடு 2600 என்று பேர் மாறியது இதுதான். பெட்டி ஒன்று, அதில் சொருகும் கார்ட்ரிட்ஜ்கள் பல. லாபம் பெட்டியில் இல்லை, கார்ட்ரிட்ஜில். முந்தின வருஷம்தான் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 28 மில்லியன் டாலருக்கு அடாரியை வாங்கியிருந்தது. 1978 முடிவதற்குள் நிறுவனர் நோலன் புஷ்னெலை வெளியேற்றிவிட்டு ரே கஸார் என்பவரைத் தலைமையில் உட்கார வைத்தார்கள். அவர் பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளி நிறுவனத்தில் இருந்து வந்தவர்.

அந்தக் காலத்தில் ஒரு கேமை ஒரே ஆள்தான் செய்வார். யோசனை, படம், சத்தம், புரோகிராம் எல்லாம் அவரேதான். மொத்தமும் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பெட்டியின் மெமரி 128 பைட். (கிலோ, மெகா எல்லாம் இல்லை, வெறும் பைட். இந்தப் பதிவின் முதல் வரியே அதில் கொள்ளாது.) அப்படி உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்த ஆளின் பேர் பெட்டியில் எங்கேயும் இருக்காது. "அடாரி" என்று மட்டும் இருக்கும்.

1979 வாக்கில் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்து ஒரு காகிதம் சுற்றுக்கு வந்தது. எந்த கேம் எவ்வளவு விற்றது என்ற பட்டியல். "இந்த மாதிரி இன்னும் செய்யுங்கள்" என்று சொல்வதற்காக அனுப்பியது. டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நாலு பேர் அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். அந்த வருஷத்து 100 மில்லியன் டாலர் விற்பனையில் கிட்டத்தட்ட 60 மில்லியன் தங்கள் நாலு பேரின் கேம்களில் இருந்து வந்திருக்கிறது. கையில் வாங்கும் சம்பளமோ ஆளுக்கு வருஷம் 20,000, 30,000 டாலர்.

நேராக கஸாரிடம் போனார்கள். கேட்டது இரண்டே விஷயம். பெட்டியில் எங்கள் பேர், விற்பனையில் ஒரு சின்னப் பங்கு. இசைத்தட்டில் பாடகர் பேர் இல்லையா, புத்தகத்துக்கு ராயல்டி இல்லையா? கார்ட்ரிட்ஜை அசெம்பிளி லைனில் பூட்டுகிற தொழிலாளியை விட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்ற பொருளில் பதில் வந்ததாக கிரேன் பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கஸார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். கார்ட்ரிட்ஜ் தயாரிக்கப் பணம் போட்டது கம்பெனி, விளம்பரம் கம்பெனி, கடைக்காரனிடம் மல்லுக்கட்டுவது கம்பெனி. விற்காத கேம் செய்தவனுக்கும் அதே சம்பளம் போகிறது. நஷ்டத்தில் பங்கு வேண்டாம், லாபத்தில் மட்டும் பங்கு என்றால் எப்படி? இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எளிதான பதில் கிடையாது. ஆனால் பேர் போடுவதற்கு என்ன செலவு? அங்கேதான் ஜவுளிக்காரர் கோட்டை விட்டார்.

பேர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு சாட்சி, அதே அடாரியில் இருந்த வாரன் ராபினெட். அவர் செய்து 1980-ல் வெளிவந்த "அட்வெஞ்சர்" கேமில் யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துப் போனால் அந்த அறை திறக்கும். உள்ளே அவர் பேர் மின்னும். வேலையை விட்டுப் போகும்போதும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் விளையாடிய ஒரு பையன் கண்டுபிடித்து எழுதின பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது. ஆக்கினவன் திருட்டுத்தனமாகத் தன் பேரை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் நிலைமை.

முதல் வழக்கு

நாலு பேரும் வெளியேறினார்கள். இசைத்தட்டுத் தொழிலில் இருந்து வந்த ஜிம் லெவியைத் தலைவராக வைத்துக்கொண்டு 1979 அக்டோபரில் ஆக்டிவிஷனை ஆரம்பித்தார்கள். சொந்தமாகப் பெட்டி செய்யவில்லை. அடாரியின் பெட்டிக்கே கார்ட்ரிட்ஜ் செய்து விற்பது என்பது திட்டம். இன்று சாதாரணமாகத் தெரியும், அன்று யாரும் செய்யாத காரியம். பெட்டி மேல் ஆக்கியவர் பேர், உள்ளே கையேட்டில் அவர் படமும் நாலு வரிக் குறிப்பும்.

1980-ல் அடாரி வழக்குப் போட்டது. இங்கே ஒரு சட்ட நுணுக்கம், ரொம்ப சுவாரசியமானது. "எங்களை விட்டுப் போனவர்கள் இதே தொழிலைச் செய்யக் கூடாது" என்று அடாரியால் கேட்க முடியாது. கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்ட ஷரத்து செல்லாது. 1872-ல் இருந்தே செல்லாது. அதனால் "எங்கள் தொழில் ரகசியத்தை எடுத்துப் போய்விட்டார்கள்" என்று வேறு வழியாக வந்தார்கள். அந்த ரகசியம் எங்கே இருந்தது என்றால், நாலு பேரின் மண்டைக்குள்.

1982-ல் சமரசம். ஆக்டிவிஷன் அடாரிக்கு ராயல்டி கட்டும், அடாரி தொந்தரவு செய்யாது. அதே வருஷம் கிரேன் செய்த "பிட்ஃபால்" 40 லட்சத்துக்கு மேல் விற்றது. ஒருவன் செய்த பெட்டிக்கு இன்னொருவன் கேம் செய்து விற்கலாம் என்ற இன்றைய தொழிலின் அஸ்திவாரம் அந்தச் சமரசத்தில்தான் விழுந்தது.

கதவு திறந்தால் காற்று மட்டுமா வரும்? கண்டவனும் கார்ட்ரிட்ஜ் போட ஆரம்பித்தான். குப்பை குவிந்தது. 1983-ல் அமெரிக்கச் சந்தை சரிந்து விழுந்தது. இதைப் பார்த்துப் பாடம் படித்த ஜப்பானிய நிண்டெண்டோ, 1985-ல் அமெரிக்காவுக்குள் நுழையும்போதே தன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் வைத்துக்கொண்டு வந்தது. அனுமதி வாங்கினவன் மட்டும்தான் கேம் போடலாம், வருஷத்துக்கு அஞ்சுதான் போடலாம், கார்ட்ரிட்ஜை நாங்கள்தான் தயாரிப்போம் என்று ஒப்பந்தம். கட்டுப்பாடு மறுபடி பெட்டிக்காரன் கைக்குப் போனது.

மில்லரும் வைட்ஹெட்டும் 1984-ல் ஆக்டிவிஷனில் இருந்தும் விலகி அக்கோலேட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனி பெட்டியைப் பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, சேகா பெட்டிக்கு அனுமதி இல்லாமல் கேம் போட்டது. சேகா வழக்குப் போட, 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருந்திப் போவதற்காகப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடுதான் என்று அக்கோலேட் பக்கம் சொன்னது. சாஃப்ட்வேர் உலகத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. சிலர் எங்கே போனாலும் சட்டத்தை ஒரு அடி நகர்த்திவிட்டுத்தான் போகிறார்கள்.

நடுவில் ஒரு சின்னக் கணக்கு

இரண்டாவது வழக்குக்கு முன்னால், பப்ளிஷர் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். தொண்ணூறுகளில் ஒரு ஆள் செய்த கேம் போய் ஐம்பது பேர், நூறு பேர் செய்யும் கேம் வந்துவிட்டது. அவ்வளவு சம்பளம் போட ஸ்டுடியோவிடம் காசு இல்லை. பப்ளிஷர் முன்பணம் தருவார். மொத்தமாக இல்லை, வீடு கட்டும்போது பேங்க் லோன் தருகிற மாதிரி, அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு என்று.

ஒரு உதாரணம். முன்பணம் 10 கோடி. ராயல்டி 20 சதவீதம். கேம் விற்று பப்ளிஷர் கைக்கு 10 கோடி வந்ததும் முன்பணம் கழிந்துவிட்டது, இனி நமக்கு 20 சதவீதம் என்று நினைப்போம். அப்படி இல்லை. முன்பணம் கழிவது ஸ்டுடியோவின் அந்த 20 சதவீதப் பங்கில் இருந்து. அதாவது பப்ளிஷர் கைக்கு 50 கோடி வந்த பிறகுதான் ஸ்டுடியோவுக்கு முதல் ரூபாய். அந்த 50 கோடியும் கடைக் கமிஷன், திரும்பி வந்த சரக்கு எல்லாம் கழித்த "நிகர" 50 கோடி. நிகரம் என்றால் என்ன என்று ஒப்பந்தத்தின் இன்னொரு மூலையில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் இருக்கும். கேம் ஓடினது, ஸ்டுடியோ மூடினது என்ற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 2010-ல் வந்த "ஃபால்அவுட்: நியூ வேகாஸ்" கேமை ஆப்சிடியன் ஸ்டுடியோ செய்தது, பெதஸ்டா வெளியிட்டது. ராயல்டி கிடையாது. மெட்டாக்ரிட்டிக் என்ற தளத்தில் விமர்சகர்கள் தரும் மதிப்பெண்களின் சராசரி 85 வந்தால் போனஸ். வந்தது 84. ஆப்சிடியனின் கிறிஸ் அவெலோனே 2012-ல் இதை வெளியே சொன்னார். ஒரு மார்க்கில் போனஸ் போச்சு! பிளஸ் டூ கட் ஆஃப் எல்லாம் இதற்கு முன்னால் தூசு.

இரண்டாவது வழக்கு

ஆக்டிவிஷனுக்குத் திரும்புவோம். எண்பதுகள் முடிவதற்குள் நிறுவனர்கள் நாலு பேரும் போய்விட்டார்கள். கம்பெனி மீடியாஜெனிக் என்று பேர் மாற்றிக்கொண்டு, நொடித்து, 1991-ல் பாபி கோட்டிக் கைக்கு வந்தது. அவர் பழைய பேரையே மறுபடி வைத்து, பெரிய பப்ளிஷராக வளர்த்தார். இப்போது கேம் செய்வதை விட, செய்கிறவர்களை விலைக்கு வாங்குவதுதான் தொழில்.

2002-ல் இ.ஏ. கம்பெனிக்கு "மெடல் ஆஃப் ஆனர்" கேம் ஒன்றைச் செய்து கொடுத்த குழுவில் இருந்து இருபது பேருக்கு மேல் வெளியேறி இன்ஃபினிட்டி வார்ட் என்ற ஸ்டுடியோவை ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர்களில் இருவர் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா. ஆக்டிவிஷன் பணம் போட்டது, பிறகு முழுசாக வாங்கிக்கொண்டது. 2003-ல் "கால் ஆஃப் டியூட்டி". 2007-ல் அதன் நாலாம் பாகமான "மாடர்ன் வார்ஃபேர்". தொட்டதெல்லாம் பொன்.

2008-ல் அடுத்த பாகத்துக்குப் புது ஒப்பந்தம். மாடர்ன் வார்ஃபேர் என்ற பேரில் என்ன வந்தாலும் அதன் ஆக்கம் பற்றிய முடிவு வெஸ்ட், ஸாம்பெல்லா கையில், ராயல்டி உண்டு, பதிலுக்கு இருவரும் 2011 அக்டோபர் வரை வேலையில் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் இருவரும் வேலையில் இல்லாமல் போனால் எல்லாக் கட்டுப்பாடும் ஆக்டிவிஷனுக்கு. அதாவது உரிமை மரத்தில் கட்டியிருக்கவில்லை, நாற்காலியில் கட்டியிருந்தது. நாற்காலி யாருடையது?

2009 நவம்பர் 10-ல் மாடர்ன் வார்ஃபேர் 2 வந்தது. ஐந்தே நாளில் 550 மில்லியன் டாலர். 2010 மார்ச் 1-ல், பெரிய ராயல்டித் தொகை வர வேண்டிய சில வாரங்களுக்கு முன்னால், ஒப்பந்தத்தை மீறினார்கள், கீழ்ப்படியவில்லை என்று இருவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

இரண்டே நாளில் இருவரும் 36 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஏப்ரலில் ஆக்டிவிஷன் எதிர்வழக்கு. எங்கள் சம்பளத்தில் இருந்துகொண்டே போட்டிக் கம்பெனியான இ.ஏ.வுடன் ரகசியமாகப் பேசினார்கள் என்று குற்றச்சாட்டு. (வேலையை விட்ட பிறகு போட்டியாளரிடம் போவதைத் தடுக்க முடியாது, வேலையில் இருக்கும்போதே பேரம் பேசினால் பிடிக்கலாம். அதே 1872 சட்டத்தின் இன்னொரு பக்கம்.) இருவரும் ரெஸ்பான் என்ற புது ஸ்டுடியோவை ஆரம்பித்தார்கள், பண உதவி அதே இ.ஏ. ஏப்ரல் முடிவதற்குள் இன்ஃபினிட்டி வார்ட் ஊழியர்கள் 38 பேர் தங்கள் போனஸுக்காகத் தனி வழக்கு. டிசம்பரில் இ.ஏ.வையும் சேர்த்து 400 மில்லியன் கேட்டது ஆக்டிவிஷன்.

வழக்கில் ஒரு விஷயம் வெளிவந்தது. நீக்குவதற்கு முந்தின வருஷமே, இருவருக்கும் எதிராக ஏதாவது கிடைக்குமா என்று அவர்கள் ஈமெயில், கம்ப்யூட்டரைத் துருவச் சொன்னார்கள் என்று கம்பெனியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த ஒருவரே சாட்சியம் சொன்னார். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தக் கதை பேசுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

2012 மே மாதம் விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் இ.ஏ.வுடன் சமரசம், ஊழியர் குழுவுக்கு 42 மில்லியன் டாலர், மே 31-ல் வெஸ்ட், ஸாம்பெல்லாவுடனும் சமரசம். தொகை ரகசியம். தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை.

ஆனால் வழக்கு இன்னொரு காகிதத்தை வெளியே தள்ளியது. 2010 ஏப்ரல் 16-ல், அதாவது இந்த இருவரை நீக்கி ஆறே வாரத்தில், பஞ்சி என்ற ஸ்டுடியோவுடன் ஆக்டிவிஷன் போட்ட ஒப்பந்தம். அதில் "டெஸ்டினி" என்ற கேமின் உரிமை பஞ்சிக்கே சொந்தம். லாபத்தில் 20 முதல் 35 சதவீதம் ராயல்டி. 2019-ல் இரு தரப்பும் பிரிந்தபோது பஞ்சி டெஸ்டினியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. வெஸ்டும் ஸாம்பெல்லாவும் மாடர்ன் வார்ஃபேரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. பப்ளிஷர் ஒருவர்தான், காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் உரிமை யார் பேரில் எழுதியிருக்கிறது என்ற ஒரு வரி.

நம்ம ஊர்ச் சட்டம்

மேலே சொன்ன கலிஃபோர்னியாச் சட்டத்துக்கு நம் நாட்டில் ஒரு கூடப்பிறந்தது உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அதுவும் 1872. இரண்டுமே டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வக்கீல் நியூயார்க்குக்காக எழுதின வரைவில் இருந்து வந்தவை. வேடிக்கை என்னவென்றால் நியூயார்க் அந்த வரைவை ஏற்கவே இல்லை! அதனால்தான் "வேலையை விட்ட பிறகு இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்று உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கும் வரிக்கு இங்கே பெரிய பலம் கிடையாது. ரகசியம் காக்கும் ஷரத்துக்கு உண்டு.

படைப்பு யாருக்கு என்பது வேறு கணக்கு. 1957 காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். வெளி ஆளாகச் செய்து கொடுத்தால் பொதுவாக செய்தவனுக்கு, எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தரும்வரை. எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது.

இதையெல்லாம் நான் தோண்டக் காரணம் என் டீமில் இருந்த சாத்தூர்ப் பையன். இங்கே புனேயில் பகலெல்லாம் ஆணி பிடுங்கிவிட்டு, ராத்திரி பேச்சிலர் ரூமில் சொந்த லேப்டாப்பில் இரண்டு வருஷமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். தீப்பெட்டி ஒட்டும் வீட்டில் நடக்கிற கதை. சின்ன கேம் ஸ்டுடியோ ஒன்று வேலைக்குக் கூப்பிட்டு ஒப்பந்தம் அனுப்பியது. "அண்ணே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, சம்பளம் ஓகேதான்" என்றான். பார்த்தேன். "பணிக்காலத்திலும் அதற்கு முன்னும் உருவாக்கிய, நிறுவனத்தின் தொழில் சார்ந்த அனைத்தும்" நிறுவனத்துக்கு என்று இருந்தது. அந்த "அதற்கு முன்னும்" என்ற இரண்டு வார்த்தையில் அவனுடைய இரண்டு வருஷ ராத்திரி போயிருக்கும்.

கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயந்தான். "நீ கேட்கிறது பணம் இல்லடா, ஒரு வரிதான். வக்கீல் ஒருத்தர்கிட்டயும் காட்டிரு" என்றேன். காட்டினான், கேட்டான். நாலு நாள் பதில் இல்லை. பையன் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் திருத்தின பிரதி வந்தது. அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு இணைப்பு சேர்த்திருந்தார்கள். தலைப்பு "பணியாளருக்குச் சொந்தமான முந்தைய படைப்புகள்". கீழே ஒரே ஒரு வரி. அவன் கேமின் பேரும், அவன் பேரும்.

பி.கு: ஆக்டிவிஷனை 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சுமார் 69 பில்லியன் டாலருக்கு வாங்கிவிட்டது. மாமியாருக்கும் இப்போது ஒரு மாமியார் :-)